கியர் பாக்ஸுக்குள் திமிங்கிலம்: ஒரு சிவப்பு எண்ணெயின் கதை

கார் வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயில் மாற்றுவதை மறப்பதில்லை. மறந்தாலும் சர்வீஸ் சென்டர்காரர்கள் போன் போட்டு ஞாபகப்படுத்தி விடுவார்கள். ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் உள்ள காரில் இன்னொரு எண்ணெயும் இருக்கிறது. சிவப்பு நிறத்தில், கிட்டத்தட்ட ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி இருக்கும். ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட், சுருக்கமாக ஏ.டி.எஃப். இதை எப்போது மாற்ற வேண்டும் என்று மூன்று மெக்கானிக்குகளைக் கேட்டால் மூன்று பதில் வரும். "40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்" என்பார் அடுத்தவர். "இத்தனை வருஷம் மாத்தலைன்னா இனிமே கை வைக்காதீங்க, கியர் பாக்ஸ் போயிடும்" என்று பயமுறுத்துவார் மூன்றாமவர்.

வேடிக்கை என்னவென்றால் மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு காலத்தில், ஏதோ ஒரு எண்ணெயைப் பற்றிச் சொல்லப்பட்டது. எண்ணெய் மாறிவிட்டது, பதில் மட்டும் வாய்வழியாக நின்றுவிட்டது. இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டுமானால் 1939-ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குப் போக வேண்டும். வழியில் ஒரு திமிங்கிலத்தையும் சந்திக்க வேண்டியிருக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓல்ட்ஸ்மொபைல் கார்களின் 1940 மாடலில் 'ஹைட்ரா-மேட்டிக்' என்ற கியர் பாக்ஸை அறிமுகப்படுத்தியது. ஏர்ல் தாம்ஸன் என்ற பொறியாளரின் தலைமையில் உருவானது. கூடுதல் விலை வெறும் 57 டாலர். கிளட்ச் பெடலே கிடையாது. பெரிய அளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் இதுதான். அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கி, 1942-ல் பயணியர் கார் தயாரிப்பு நின்றபோதும் ஹைட்ரா-மேட்டிக் நிற்கவில்லை. காடிலாக் இன்ஜின்களோடு சேர்த்து எம்5 ரக இலகு டாங்கிகளில் பொருத்தினார்கள். போர் முடிந்ததும் "போர்க்களத்தில் சோதிக்கப்பட்டது" என்பதே நல்ல விளம்பரமாகிவிட்டது.

சாதாரண கியர் பாக்ஸில் எண்ணெய்க்கு ஒரே வேலை, பல் சக்கரங்கள் தேயாமல் பார்த்துக் கொள்வது. ஆட்டோமேட்டிக்கில் அப்படியல்ல. இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்துவதே இந்த எண்ணெய்தான். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைச் சுற்றினால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றுமே, அதே மாதிரி. காற்றுக்குப் பதில் எண்ணெய். அது போக, கியர் மாற்றும் பிஸ்டன்களை அழுத்தத்தால் தள்ளுவதும் இதுதான், உள்ளே உருவாகும் சூட்டை ரேடியேட்டருக்கு எடுத்துச் செல்வதும் இதுதான். டெட்ராய்ட் குளிர்காலத்தில் உறையாமல் ஓட வேண்டும், மலைப்பாதையில் 100 டிகிரிக்கு மேல் சூடானாலும் கெட்டுப் போகக் கூடாது.

இவ்வளவும் செய்யும் எண்ணெய்க்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமான வேலை ஒன்று உண்டு. கியர் மாறும்போது உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி, வேகம் குறைந்து, சேர்ந்து நிற்க வேண்டும். இந்தத் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியே இருக்கின்றன. எண்ணெய் வழுக்கலாக இருந்தால் தட்டுகள் பிடிக்காது, நழுவும். வழுக்கல் போதாவிட்டால் கடைசி நொடியில் 'டப்' என்று கவ்விப் பிடிக்கும், உட்கார்ந்திருப்பவர் தலை முன்னுக்கு ஆடும். அதாவது வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்! மண்ணிலிருந்து எடுக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கு இந்தச் சாமர்த்தியம் தனியாகக் கிடையாது. கூட ஏதாவது சேர்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஹைட்ரா-மேட்டிக்குக்கான எண்ணெய் அந்த நிறுவனத்தின் டீலர்களிடம் மட்டுமே கிடைத்தது. கார்கள் பெருகியதும் அது சரிப்படவில்லை. 1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'டைப் ஏ' என்ற தர நிர்ணயத்தை வெளியிட்டது. எந்த எண்ணெய்க் கம்பெனி வேண்டுமானாலும் தயாரிக்கலாம், ஆனால் சிகாகோவில் இருந்த ஆர்மர் ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனையில் தேறி, டப்பாவில் அந்த எண்ணை அச்சிட வேண்டும். மற்ற கார் கம்பெனிகளும் இதையே பயன்படுத்தின. அந்தக் காலத்து எண்ணெய் சீக்கிரம் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கெட்டியாகும். அதனால் 1950-களில் ஏறத்தாழ 25,000 மைலுக்கு, அதாவது 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றச் சொன்னார்கள். முதல் மெக்கானிக்கின் பதிலுக்கு வயது எழுபதுக்கு மேல்!

சரி, திமிங்கிலம் எங்கே வந்தது? வழுக்கவும் பிடிக்கவும் தெரிந்த அந்தச் சேர்மானப் பொருள் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். 'திமிங்கில வாந்தி கடத்தல், இருவர் கைது' என்று அடிக்கடி செய்தித்தாளில் வருகிறதே, அந்த அம்பர்கிரிஸ் கிடைப்பதும் இதே திமிங்கிலத்திடமிருந்துதான். இதன் பிரமாண்டமான தலைக்குள் 1,900 லிட்டர் வரை மெழுகு போன்ற எண்ணெய் இருக்கும். வேதியியல்படி பார்த்தால் இது நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மாதிரி கொழுப்பே அல்ல, திரவ நிலையில் உள்ள ஒரு மெழுகு. இதன் மூலக்கூறின் ஒரு பகுதி உலோகத்தின் மேல் ஒட்டிக் கொள்ளும், நீண்ட வால் பகுதி வெளியே நிற்கும். தட்டின் மேல் கம்பளம் விரித்த மாதிரி ஒரு மிக மெல்லிய படலம் உருவாகும். அழுத்தம் வந்தாலும் பிய்ந்து போகாது. கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்தினால் இன்னும் உறுதி. சூட்டிலும் குளிரிலும் குணம் அதிகம் மாறாது. எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வேறென்ன வேண்டும்?

1859-ல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியக் கிணறு தோண்டியதால் விளக்குக்கு மண்ணெண்ணெய் வந்தது, அதனால் திமிங்கிலங்கள் பிழைத்தன என்று ஒரு கதை பள்ளிக்கூடப் பாடம் வரை சொல்லப்படுகிறது. பாதிதான் உண்மை. 18, 19-ஆம் நூற்றாண்டுகள் இரண்டிலும் சேர்த்துக் கொல்லப்பட்ட ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் சுமார் 3 லட்சம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். விளக்குக்கு அந்த எண்ணெயே தேவைப்படாத 20-ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்டவை ஏழரை லட்சத்துக்கும் மேல்! பெட்ரோல் யுகம் திமிங்கிலத்தைக் காப்பாற்றவில்லை, பெட்ரோலில் ஓடும் இயந்திரத்துக்கும் அதன் எண்ணெய் தேவைப்பட்டது. பழியை முழுக்கக் கார்கள் மேல் போடுவதும் நியாயமில்லை. தோல் பதனிட, துணி ஆலைகளில், அழகு சாதனங்களில் என்று இந்த எண்ணெய் போகாத இடமில்லை. அமெரிக்க அரசு இதைப் போர்க்காலத்துக்குத் தேவைப்படும் பொருள் என்று பட்டியலிட்டுக் கையிருப்பு வைத்திருந்தது. ஆனாலும் 1960-களில் அமெரிக்கச் சாலையில் வழுக்கிக் கொண்டு போன ஒவ்வொரு சொகுசுக் காருக்கும் கடலில் நடந்த வேட்டைக்கும் ஒரு மெல்லிய தொடர்பு இருந்தது. ஓட்டியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

இதற்கிடையில் ஃபோர்டு தனி வழியில் போனது. நிறுவனம் 1967-ல் அறிவித்த 'டைப் எஃப்' எண்ணெயில் இந்த வழுக்கல் சேர்மானம் கிடையாது. அதன் கியர் பாக்ஸ்கள் கெட்டியாகப் பிடிக்கும் எண்ணெய்க்கு ஏற்றபடி வடிவமைக்கப்பட்டிருந்தன. அதே 1967-ல் ஜெனரல் மோட்டார்ஸ் டைப் ஏ-யை மேம்படுத்தி 'டெக்ஸ்ரான்' என்ற பெயரில் விட்டது. இரண்டும் ஒரே சிவப்பு. ஃபோர்டில் டெக்ஸ்ரானை ஊற்றினால் தட்டுகள் நழுவித் தேய்ந்தன. மற்றதில் டைப் எஃப் ஊற்றினால் கியர் மாறும்போதெல்லாம் உதைத்தது. உலகம் முழுக்க ஒர்க்‌ஷாப்புகளில் "சிவப்புன்னா எல்லாம் ஒண்ணுதான்" என்று நினைத்துக் கெடுத்த கியர் பாக்ஸ்களுக்குக் கணக்கே கிடையாது. சிவப்பு என்பது வெறும் சாயம். காருக்கு அடியில் சொட்டியிருப்பது இன்ஜின் ஆயிலா கியர் ஆயிலா என்று கண்டுபிடிப்பதற்காகச் சேர்ப்பது, அவ்வளவுதான்.

'லைஃப்டைம் ஆயில்' என்ற வார்த்தையும் அப்போதுதான் பிறந்தது. டைப் எஃப் மாற்றவே தேவையில்லாத எண்ணெய் என்ற எண்ணத்தில் உருவாக்கப்பட்டது. 1974-ஆம் ஆண்டு ஃபோர்டு ஒர்க்‌ஷாப் கையேட்டில், தொழிற்சாலையிலேயே 'லைஃப்டைம்' எண்ணெய் நிரப்பித் தரப்படுகிறது என்றே எழுதியிருந்தார்கள். இரண்டாவது மெக்கானிக்கின் பதிலும் புதுசு இல்லை!

திமிங்கிலத்தின் கதைக்கு வருவோம். 1970-ல் அமெரிக்க உள்துறை அமைச்சர் வால்டர் ஹிக்கெல் ஸ்பெர்ம் திமிங்கிலம் உள்ளிட்ட பெரிய திமிங்கிலங்களை அழியும் ஆபத்தில் உள்ளவை என்று பட்டியலில் சேர்த்தார். அதனால் அவற்றின் எண்ணெய் இறக்குமதி தடைப்பட்டது. 1971-ல் கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் இருந்த, அமெரிக்காவின் கடைசி திமிங்கில வேட்டை நிலையம் மூடப்பட்டது. 1972-ல் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம், 1973-ல் அழியும் உயிரினங்கள் சட்டம். முப்பது வருடமாகக் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த சேர்மானம் இரண்டு மூன்று வருடத்தில் இல்லாமல் போயிற்று.

எண்ணெய்க் கம்பெனிகள் அவசர அவசரமாக மாற்றுப் பொருளைத் தேடின. 1970-களின் ஆரம்பத்தில் டெக்ஸ்ரான்-2 வந்தது. அதன் முதல் வடிவத்தில் திமிங்கில எண்ணெய்க்குப் பதிலாகச் சேர்த்த ரசாயனம் கிளட்ச் தட்டுகளைச் சரியாகத்தான் பார்த்துக் கொண்டது. ஆனால் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் காலை வாரியது. ஆட்டோமேட்டிக் காரில் இந்த எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். புது எண்ணெய் அந்தக் குழாயின் பித்தளையையும் ஈயப் பற்றவைப்பையும் அரித்தது. குழாய் ஓட்டையானால் ரேடியேட்டர் தண்ணீர் கியர் பாக்ஸுக்குள் போகும். கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற உரசல் பொருள் தண்ணீரில் ஊறி உரிந்து விடும். அப்புறம் கியர் பாக்ஸைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். திமிங்கில எண்ணெய் வழுக்கலோடு சேர்த்து, உலோகத்தை அரிப்பிலிருந்தும் காத்துக் கொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் பலருக்கு உறைத்தது. 1970-களின் நடுவில் அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்த்து டெக்ஸ்ரான்-2டி வந்தது. அதற்கும் ஒரு குறை: காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்!

திமிங்கில எண்ணெய் தடை செய்யப்பட்டதால் பல லட்சம் கியர் பாக்ஸ்கள் நாசமாயின என்று ஒரு கணக்கு இன்றும் சுற்றி வருகிறது. மாற்று எண்ணெய்ச் சேர்மானம் விற்பவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள், ஆகவே கொஞ்சம் உப்புச் சேர்த்தே படிக்க வேண்டும். அதே வருடங்களில் புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் இன்ஜின்கள் அதிகச் சூட்டில் ஓடத் தொடங்கியிருந்தன. எது எந்த அளவுக்குக் காரணம் என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

மாற்றுத் தேடலில் ஒரு பாலைவனச் செடிக்கு யோகம் அடித்தது. மெக்ஸிகோவிலும் அரிசோனாவிலும் புதராக வளரும் ஹொஹோபா. அதன் விதையில் சுமார் பாதி எடை திரவ மெழுகு, திமிங்கில எண்ணெய்க்கு மிக நெருக்கமான உறவு. 1970-களில் செவ்விந்தியர் குடியிருப்புகளில் விதை சேகரிக்க அரசு பணம் கொடுத்தது, தோட்டங்கள் போட்டார்கள். ஆனால் செடி காய்க்கப் பல வருடம் ஆகும், விலையும் அதிகம். அதற்குள் ஆய்வகங்களில் செயற்கை எஸ்டர்கள் தயாராகி விட்டன. ஹொஹோபா எண்ணெய் கடைசியில் ஷாம்பூ பாட்டிலுக்குள் போய்ச் சேர்ந்தது. ராஜஸ்தானிலும் இந்தச் செடியைப் பயிர் செய்கிறார்கள்.

எண்ணெய் தேறியதும் மாற்ற வேண்டிய இடைவெளியும் நீண்டது. 1980-களின் ஜெனரல் மோட்டார்ஸ் கையேடுகள் 1,00,000 மைல், அதாவது 1,60,000 கிலோமீட்டர் என்றன. ஆனால் அதே பக்கத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. வெயில் 32 டிகிரியைத் தொடும் ஊரில் நெரிசலில் ஓட்டினாலோ, மலைப்பாதையில் ஓட்டினாலோ, டிரெய்லர் இழுத்தாலோ, டாக்ஸியாக ஓட்டினாலோ 15,000 மைலுக்கு (24,000 கிலோமீட்டர்) ஒருமுறை மாற்ற வேண்டும். பெரிய எண்ணை எல்லோரும் படித்தார்கள், சின்ன எண்ணைப் படித்தவர்கள் குறைவு. (அந்த விதிப்படி பார்த்தால் சென்னையில் ஓடும் ஒவ்வொரு காரும் 'கடுமையான உபயோகம்' என்ற கணக்கில்தான் வரும்!) காரணம் எளிமையானது. வெப்பம் 10 டிகிரி கூடினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான விதி. கிலோமீட்டரை விட முக்கியம் எண்ணெய் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பது. அதை அளக்கும் மீட்டர் பெரும்பாலான கார்களின் டேஷ்போர்டில் கிடையாது.

மாற்றும் முறையும் காலத்தோடு மாறியது. பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் டார்க் கன்வர்ட்டரின் அடியிலும் ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றினால் பழைய எண்ணெய் முழுவதும் வெளியேறும். செலவு மிச்சம் என்று 1970-களில் பல கம்பெனிகள் அந்தத் திருகை எடுத்து விட்டன. அதன் பின் அடியில் உள்ள சேம்பரைக் கழற்றினால் மொத்தம் 9, 10 லிட்டர் பிடிக்கும் பெட்டியிலிருந்து 4, 5 லிட்டர்தான் வரும். மீதி உள்ளேயே தங்கி விடும். புதுசும் பழசும் கலந்த எண்ணெயோடுதான் வண்டி ஓடும். இதற்காகச் சிலர் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடியும் மறுபடியும் வடிக்கிறார்கள், சிலர் கூலர் குழாயில் மெஷினை மாட்டி மொத்தமாக மாற்றுகிறார்கள்.

மூன்றாவது மெக்கானிக்கின் பயம் இங்கேதான் பிறக்கிறது. பல வருடம் மாற்றாத பெட்டியில் தட்டுகள் தேய்ந்து, அந்தத் துகள்கள் எண்ணெயில் மிதந்து கொண்டிருக்கும். சேம்பரின் காந்தத்தில் கரி போல் படிந்திருக்கும். எண்ணெய் பழுப்பாகி, கருகின வாடை அடிக்கும். உரிமையாளர் அதுவரை சும்மா இருந்துவிட்டு, கியர் நழுவ ஆரம்பித்த பிறகுதான் எண்ணெயை மாற்றச் சொல்லுவார். மாற்றிய பத்தாவது நாள் வண்டி நின்றால் பழி யார் மேல் விழும்? தேய்ந்த தட்டு புது எண்ணெயால் வளராது. சாகக் கிடந்தவருக்குக் கடைசியாகக் கஞ்சி கொடுத்தவர் மேல் கொலைப்பழி போட்ட மாதிரிதான். வேகமாக எண்ணெயை அடித்துக் கழுவினால் படிந்த அழுக்கு கிளம்பி வால்வுகளை அடைக்கலாம் என்பதும் உண்மை. ஆகவே பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் நன்றாக ஓடும் பெட்டிக்கு, சேம்பரைக் கழற்றி ஃபில்டரை மாற்றிச் சரியான எண்ணெய் ஊற்றுவதற்கு அந்தப் பயம் பொருந்தாது.

1990-களில் ஐரோப்பிய கார்கள் 'லைஃப்டைம்' வார்த்தையைத் தூசி தட்டி எடுத்தன. கூடவே எண்ணெய் மட்டம் பார்க்கும் குச்சியும் காணாமல் போனது. இப்போது பல கார்களில் மட்டம் பார்க்க வேண்டுமானால் காரைச் சமதளத்தில் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் கம்பெனி சொன்ன சூட்டில் இருக்கும்போது பக்கவாட்டுத் திருகைத் திறந்து, மெதுவாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரணமாக ஒருவர் வீட்டு வாசலில் செய்ய முடியாது. பி.எம்.டபிள்யூ உள்ளிட்ட பல கார்களுக்குக் கியர் பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் மட்டும் வேறு மாதிரி பேசுகிறது. 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்தில் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. கார் விற்றவர் ஆயுள் முழுக்க என்கிறார், பெட்டியைச் செய்தவர் 8 வருடம் என்கிறார். கார் கம்பெனிக்கு ஆயுள் என்பது வாரண்டி முடியும் வரை. இரண்டாவது கையில் வாங்குகிறவருக்கு ஆயுள் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. பெட்டியைச் செய்தவர் பேச்சைக் கேட்பதே புத்திசாலித்தனம்.

2005-ல் டெக்ஸ்ரான்-6 வந்தது. பழைய டெக்ஸ்ரான்களைவிட மெலிதாகத் தொடங்கினாலும் நாள்பட நீர்த்துப் போகாதது. இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தவர்களுக்கு 2015-க்குப் பின் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 8 கியர் பெட்டிகள் பதில் சொன்னன. நிதானமான வேகத்தில் போகும்போது, சாலையோரக் கோடுகளின் மேல் ஏறி ஓடுவது போல் வண்டி நடுங்குகிறது என்று ஏராளமான புகார்கள், வழக்குகள். காரணம் தேடிப் போனால் பழைய வில்லன்தான்: எண்ணெய் ஈரத்தை இழுத்துக் கொண்டு உரசல் குணத்தை இழக்கிறது. 2019 வாக்கில் அந்த நிறுவனம் டீலர்களுக்கு அனுப்பிய வைத்தியக் குறிப்பில் முதலில் சொல்லப்பட்டது எந்தப் பாகத்தையும் மாற்றுவது அல்ல. இருக்கும் எண்ணெயை முழுவதுமாக வெளியேற்றிவிட்டு, வேறொரு கலவையில் செய்த எண்ணெயை ஊற்றி, இருநூறு மைல் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள்.